ஒரு சாண் கல்

பன்றிமுதுகு மலைச்சாலையில் பாரவண்டி வருவதைக் காதால் கேட்பதற்கு முன்பே மூக்கால் தெரிந்துகொள்வாள் யின்ஃபெங். உச்சியில் சுரங்கப்பாதை முடிகிற இடத்திலிருந்து கீழே ஷிதான் சந்தை வரைக்கும் இருபத்து மூன்று கிலோமீட்டர் ஒரே இறக்கம். பாதி தூரம் வருவதற்குள் லாரிகளின் பிரேக் சூடேறி, ரப்பரும் இரும்பும் சேர்ந்து கருகுகிற வாடை முன்னால் வந்துவிடும். வண்டி அதற்குப் பின்னால்தான் வரும்.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. பன்னிரண்டாவது கிலோமீட்டரிலிருந்து பதினெட்டாவது வரை பதினோரு வருடமாக அவள் பொறுப்பு. ஆரஞ்சுச் சட்டை, மூங்கில் விளக்குமாறு, மின்சாரத்தில் ஓடும் ஒரு மூன்றுசக்கர வண்டி, அதில் இரண்டு கேன் தண்ணீர். மலையிலிருந்து உருண்டு விழுந்த கல்லை ஒதுக்குவாள். வளைவுகளில் நிற்கும் உருண்டைக் கண்ணாடிகளைத் துடைப்பாள். நிலக்கரி லாரிகள் போன பிறகு கறுத்துப்போகும் எச்சரிக்கைப் பலகைகளை நீளக் கழியில் துணி கட்டிக் கழுவுவாள். 'தொடர் இறக்கம்', 'தாழ்ந்த கியரில் செல்லவும்', 'களைப்பாக இருந்தால் நிறுத்தவும்' என்று அவளுடைய ஆறு கிலோமீட்டருக்குள் மட்டும் முப்பத்தொரு பலகைகள். எதில் எந்த மூலையில் துரு ஏறியிருக்கிறது என்பது வரை அவளுக்குத் தெரியும்.

பதினைந்தாவது கிலோமீட்டரில் சாலையின் வலப்பக்கம் ஒரு பாதை பிரிந்து மலைமேல் செங்குத்தாக ஏறும். நூறு மீட்டர் போய் ஒரு சுவரில் முட்டி நின்றுவிடும். பலகையில் அதன் பெயர் 'அவசர விலகுபாதை'. ஓட்டுநர்கள் உயிர்ப்பாதை என்பார்கள். பிரேக் பிடிக்காத வண்டியைத் திருப்பி அதில் ஏற்றிவிட வேண்டியது. பாதை முழுக்க ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கூழாங்கல் கொட்டியிருக்கும். சக்கரம் அதில் புதைந்து புதைந்து, சுவரை எட்டுவதற்கு முன்பே வண்டி நின்றுவிடும்.

அந்த இடம் ஒரு காலத்தில் அவர்களுடைய சோளக்காடு. சாலைக்காக நிலத்தை எடுத்துக்கொண்டபோது வீட்டுக்கு ஒருவருக்குச் சாலை வேலை என்றார்கள். கணவன் ஏற்கெனவே கடற்கரை நகரத்தில் கட்டட வேலைக்குப் போயிருந்ததால் ஆரஞ்சுச் சட்டை அவளுக்கு வந்தது. நிலம் போனதில் அவளுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. சோளம் சரியாக வராத நிலம் அது. அடியில் ஊற்று. மழைக்காலத்தில் செம்மண் குழைந்து மேலே வரும், களை எடுக்கப் போனால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும்.

அந்த ஊற்று இப்போதும் அங்கேதான் இருந்தது. மழை பெய்தால் சேறு கூழாங்கல்லுக்குள் ஏறும், வெயில் அடித்தால் காயும். இரண்டு மூன்று தடவை இப்படி நடந்தால் கல்லும் மண்ணும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் வருடத்துக்கு இரண்டு தடவை இயந்திரம் வைத்து அடிவரை புரட்டிப்போட வேண்டும் என்று விதி. அவள் பார்க்கக் கடைசியாகப் புரட்டி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

வசந்தத்தில் ஒருநாள் அவள் மண்வெட்டியால் குத்திப் பார்த்தாள். மண்வெட்டி தெறித்து மணிக்கட்டு வலித்தது. அன்று சாயங்காலமே சாலைப் பராமரிப்பு முகாமுக்குப் போய்த் தன் பணி நாட்குறிப்பேட்டில் எழுதினாள்: 'பதினைந்தாவது கி.மீ. விலகுபாதை கல் இறுகிவிட்டது. புரட்ட வேண்டும்.' அடுத்த மாதமும் எழுதினாள். கோடை முடிவதற்குள் ஐந்து தடவை எழுதியாயிற்று.

முகாம் தலைவர் நியே அவளைவிட ஒன்பது வயது இளையவர். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். புத்தாண்டு வசந்த விழாவுக்கு எல்லோருக்கும் எண்ணெயும் அரிசியும் தம் கையாலேயே கொண்டுவந்து வீட்டில் இறக்கிவிட்டுப் போவார்.

"யின்ஃபெங் அக்கா, நீங்க எழுதுறத நான் படிக்கலன்னு நெனைக்காதீங்க," என்றார். "இயந்திரம் ஒண்ணுதான் இருக்கு. அது வடக்குப் பக்கம் மண்சரிவுல மாட்டிக்கிட்டு இருக்கு. மூணு மாசமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அதுக்குள்ள ஒரு வண்டி ஏறிருச்சுன்னா, தலைவரே?"

"பதினோரு வருஷத்துல எத்தன வண்டி ஏறியிருக்கு, சொல்லுங்க."

"நாலு."

"அப்ப இந்த வருஷம் ஏறாதுன்னு வச்சுக்குவோம்," என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் தேநீர்க் குவளையோடு உட்கார்ந்திருந்த சியோங்கும் சிரித்தார். அவர் முகாமிலேயே மூத்தவர், வண்டி ஓட்டுகிறவர். யின்ஃபெங்கும் லேசாகச் சிரித்துவிட்டு வந்தாள். பிற்பாடு பல தடவை அந்தச் சிரிப்பு அவள் நினைவுக்கு வந்தது.

ஒன்பதாம் மாதம் மாகாணத் தலைநகரிலிருந்து ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. முகாம் ஒரே பரபரப்பாகிவிட்டது. தடுப்பு வேலிக்கு வர்ணம் அடித்தார்கள். வளைந்துபோன பலகைக் கம்பங்களை நிமிர்த்தினார்கள். விலகுபாதையின் அறிவிப்புப் பலகையைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டினார்கள். வெயிலில் பார்த்தால் கண் கூசியது. பாதை முடிவில் இருந்த சுவருக்கு முன்னால் பழைய டயர்களை அடுக்கிச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டினார்கள். ஆய்வுக்கு இரண்டு நாள் முன்பு இரண்டு டிப்பர் நிறையப் புதுக் கூழாங்கல் வந்து இறங்கியது. ஆற்றிலிருந்து எடுத்த கல், முட்டை மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது.

"இத என்ன பண்றது?" என்று கேட்டாள் யின்ஃபெங்.

"பரப்புறதுதான்," என்றார் நியே. "ஒரு சாண் கனத்துக்கு. பல்லு வச்ச வாரியால நல்லா சமமா இழுத்துவிடுங்க."

"அடியில களத்துமேடு மாதிரி கெடக்கு. அதுக்கு மேலயா?"

"அக்கா, எனக்குத் தெரியாதா? ஆய்வு முடியட்டும். இயந்திரம் வந்த உடனே முதல் வேலை இதுதான். நானே நின்னு செய்றேன்."

"இது நல்லா இல்ல, தலைவரே."

"நல்லா இல்லதான். வேற வழி இருந்தா நீங்களே சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

அவளிடம் வேறு வழி இல்லை. கல்லைப் பரப்புவதற்கு அவளும் சியோங்கும் இன்னும் இரண்டு பெண்களும் ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொண்டார்கள். கடைசியாக வாரியால் கோடு இழுத்துச் சமன் செய்தது அவள்தான். அந்த வேலையில் அவளுக்குக் கை நேர்த்தி அதிகம் என்று மற்றவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். முடிந்ததும் கீழே சாலையில் நின்று பார்த்தார்கள். புது அரிசியைக் கொட்டி வைத்தது போல அழகாகத்தான் இருந்தது.

ஆய்வுக்கு வந்த பெரிய அதிகாரி காரிலிருந்து இறங்கி, பளபளப்பான கறுப்பு ஷூவோடு கல்லின் மேல் ஒரு காலை வைத்தார். கால் கணுக்கால் வரை புதைந்தது. அவர் திருப்தியோடு தலையை ஆட்டினார். யாரோ புகைப்படம் எடுத்தார்கள். நியே பக்கத்தில் நின்று அவருடைய முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

பதினோரு நாள் கழித்து, தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில், யின்ஃபெங் 'அவசர விலகுபாதை 500 மீட்டர்' என்ற பலகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாடை வந்தது. வழக்கமான வாடை இல்லை. தொண்டையைப் பிடித்தது. பிறகு விடாமல் ஒலிக்கும் ஹாரன். மேல் வளைவில் ஒரு நீல லாரி திரும்பியது. பின் சக்கரங்களிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. தார்ப்பாய் போட்டு மூடிய சரக்கு.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஐந்தாறு நொடிக்குள்தான். ஆனாலும் ஒவ்வொன்றும் அவளுக்குத் தனித்தனியாகத் தெரிந்தது. ஓட்டுநர் ஸ்டியரிங் மேல் நெஞ்சைச் சாய்த்துப் பிடித்திருந்தான். அவன் பக்கத்தில் இருந்த பெண் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பலகையைப் படித்துவிட்டு, அடியில் நின்ற ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்தாள். வாயைத் திறந்து ஏதோ கத்தினாள். உயிர்ப்பாதை திறந்திருக்கிறதா என்றுதான் கேட்டிருக்க வேண்டும். கீழே எட்டு கிலோமீட்டரில் ஷிதான் சந்தை. அன்று சந்தை நாள். யின்ஃபெங்குக்கு அடியில் கல் எப்படி இருக்கிறது என்று தெரியும். தெரிந்துகொண்டேதான் கழியைத் தூக்கி, அந்த ஈரத் துணி தொங்க, விலகுபாதை இருக்கும் பக்கம் காட்டினாள்.

லாரி அவளைத் தாண்டிப் போனது. அடித்த காற்றில் அவள் பின்னால் சாய்ந்தாள். ஓட ஆரம்பித்தாள்.

லாரி சரியாகத்தான் திரும்பியது. ஓட்டுநர் கைதேர்ந்தவன். அந்த வேகத்திலும் கோடு பிசகாமல் பாதைக்குள் ஏற்றிவிட்டான். வெள்ளைக் கல் இரண்டு பக்கமும் தண்ணீர் போலத் தெறித்தது. ஒரு சாண்தான். அதற்குக் கீழே சக்கரம் இறங்கவே இல்லை. நல்ல சாலையில் ஏறுவது போல லாரி ஏறிக்கொண்டே போய், சிவப்பு வெள்ளை டயர்களைச் சிதறடித்து, சுவரில் மோதியது. மோதிய பிறகுதான் பின்னால் இருந்த சரக்கு முன்னால் வந்தது. தரைக்குப் போடும் ஓடுகள், பெட்டி பெட்டியாக. அவை ஓட்டுநர் பக்கமே வந்து விழுந்தன.

அவன் பெயர் லூ பாவ்தெங். உடனேயே இறந்துவிட்டான். மனைவி வெய் ரோங்குக்குக் கால் இரண்டும் மாட்டிக்கொண்டது. தீயணைப்பு வண்டி வர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் யின்ஃபெங் கதவின் படியில் நின்று, உடைந்த கண்ணாடி வழியாகக் கையை விட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி, ஓட்டுநர் கிடந்த பக்கம் அவள் பார்க்க முடியாதபடி நடுவில் தொங்கவிட்டாள்.

"அவர் மலையோட ஒரசி நிறுத்தறேன்னுதான் சொன்னாரு," என்றாள் வெய் ரோங். குரல் தெளிவாக இருந்தது. அதுதான் யின்ஃபெங்குக்குப் பயமாக இருந்தது. "நான்தான் பலகையப் படிச்சேன். உயிர்ப்பாதை இருக்கு, ஐநூறு மீட்டர்தான்னு நான்தான் சொன்னேன். ஒரசியிருந்தா வண்டிதானே போயிருக்கும்?"

"பேசாதம்மா. மூச்சு வாங்கும்."

"நான் படிக்காம இருந்திருக்கணும்."

"பேசாத."

மூன்று மாதமாக மண்சரிவில் மாட்டிக்கொண்டிருந்த இயந்திரம் அன்று மாலைக்குள் வந்துவிட்டது. லாரியை இழுத்து வெளியே எடுக்க வந்ததாகச் சொன்னார்கள். எடுத்துவிட்டு, போகிற போக்கில் அதன் வாளியால் பாதையை மேலிருந்து கீழ் வரை கீறிப் புரட்டிவிட்டுப் போனது. மறுநாள் காலை விசாரணைக்கு ஆட்கள் வந்து பார்த்தபோது கல்லும் மண்ணும் கலந்து கிடந்தன. முன்பு எப்படி இருந்தது என்று பார்த்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

நாட்குறிப்பேட்டையும் நியே கேட்டு வாங்கிக்கொண்டார். "மழைல நனைஞ்சு எழுத்தெல்லாம் கலைஞ்சிருக்கு அக்கா. சுத்தமா வேற நோட்டுல எழுதச் சொல்லியிருக்கேன்."

"என்னோடது நனையலயே."

"எல்லாத்தையும் சேர்த்துத்தான் எழுதணும்." அவர் கண் சிவந்திருந்தது. தூங்கவில்லை என்று தெரிந்தது. "அக்கா, அந்த வண்டில மூணு டன் பாரம் அதிகம். உங்களுக்குத் தெரியுமா? எடை போட்டுப் பார்த்தாச்சு. பிரேக்கும் தேஞ்சுபோய்த்தான் இருந்திருக்கு. தப்பு அவங்க பக்கமும் இருக்கு."

அது பொய் இல்லை என்பது யின்ஃபெங்குக்கும் தெரிந்தது. ஆனால் அந்த மலையில் மூன்று டன் அதிகம் ஏற்றாமல் வருகிற லாரி எது என்றும் தெரியும்.

இரண்டு வாரம் அவள் வேலைக்குப் போய்வந்தாள். பலகைகளைக் கழுவினாள். ஐநூறு மீட்டர் பலகை வந்தால் மட்டும் கழியைச் சியோங் கையில் கொடுத்துவிடுவாள். பிறகு ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, முப்பது முட்டையும் ஒரு பெட்டிப் பாலும் வாங்கி, பஸ் ஏறி இரண்டு மணி நேரம் தள்ளி இருந்த நகர மருத்துவமனைக்குப் போனாள்.

வெய் ரோங்குக்கு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். படுக்கை ஓரத்தில் அவள் கணவனின் தம்பி உட்கார்ந்திருந்தான். யின்ஃபெங்கைப் பார்த்ததும் அவள் எழுந்து உட்கார முயன்றாள்.

"அக்கா, நீங்கதானே கையப் பிடிச்சுக்கிட்டு நின்னது? இவன்கிட்ட சொல்லிக்கிட்டே இருக்கேன்."

"ஆமா."

"பொண்ணு தெனம் ஃபோன் பண்ணி அப்பா எங்கன்னு கேக்குறா. நான்தான் அந்த வழியச் சொன்னேன்னு எப்படிச் சொல்வேன்? அதுக்குத்தான் எனக்கு வார்த்தையே வரல."

யின்ஃபெங் வரும் வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். எல்லாம் சரிந்துவிட்டது.

"உன்மேல தப்பில்ல," என்றாள். "நீ படிச்சது சரி. அவரு திருப்பினதும் சரி. அந்தப் பாதைதான் பொய். ஒன்றரை வருஷமா புரட்டல. அடியில சிமெண்டு மாதிரி இறுகிக் கெடந்துச்சு. அதுக்கு மேல புதுக் கல்ல ஒரு சாண் போட்டு மூடியிருந்தாங்க."

தம்பிதான் முதலில் கேட்டான். "இத எழுதிக் கொடுப்பீங்களா?"

"கொடுப்பேன்," என்றாள் யின்ஃபெங்.

வெய் ரோங் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். அடிபட்ட நாளிலிருந்து அவள் அழுவது அதுதான் முதல் தடவை என்று தம்பி சொன்னான். யின்ஃபெங் கிளம்பும்போது அவள் கையை எடுத்து வெய் ரோங் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

வெய் ரோங் வீட்டார் வைத்த வக்கீல் இளைஞன், கண்ணாடி போட்டவன். கேள்வியைக் கேட்டுவிட்டு, அவள் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தான்.

"கல்லைப் பரப்பினது யாரு?"

"நாங்க நாலு பேரு."

"சமன் செஞ்சது?"

"நான்."

"யார் சொல்லி?"

"தலைவர் சொன்னாரு."

"எழுத்துல ஏதாவது உத்தரவு இருக்கா?"

"எங்க வேலைல எல்லாமே வாயாலதான்."

"அடி இறுகினது உங்களுக்குத் தெரிஞ்சுதான் பரப்பினீங்களா?"

"தெரிஞ்சுதான்."

அவன் ஒரு நொடி விரலை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். பிறகு தட்டினான். நான்கு பக்கம் வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் பெருவிரலை வைத்தாள். அவன் அதை விசாரணைக்கு வந்தவர்களிடம் கொடுத்தான்.

அன்று சாயங்காலம் கணவன் ஃபோன் செய்தான். யாரோ சொல்லி அவனுக்குச் செய்தி போயிருந்தது. "உன்னை யாரு வாயத் தொறக்கச் சொன்னது? சியோங் தொறந்தானா? மத்த ரெண்டு பேரும் தொறந்தாங்களா?"

"அவங்க அந்தப் பொண்ணு கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கல."

"நின்னா நின்ன. அதுக்காக? உனக்கு நியாயம் பேச வேற எடமே கெடைக்கலயா? ஊர்ல ஒழுங்கா இருக்கறது உன் வேலை ஒண்ணுதான்டி."

அவள் ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டு நூடுல்ஸ் வேகவைத்தாள். அவன் அந்தப் பக்கம் பேசிக்கொண்டே இருந்தான்.

விசாரணையின் முடிவு வருவதற்கு நான்கு மாதம் ஆயிற்று. அதற்கிடையே முகாமில் அவளோடு யாரும் சண்டை போடவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாக இருக்கும். சியோங் ஒருதடவை தட்டைக் கழுவிக்கொண்டே, "என்னையும் கூப்பிட்டு விசாரிச்சாங்க, யின்ஃபெங்," என்றார்.

"என்ன சொன்னீங்க, அண்ணே?"

"எனக்கு வயசாச்சு, கவனிக்கலன்னு சொன்னேன். ஓய்வு பெற இன்னும் எட்டு மாசம் இருக்கு."

"சரி."

"நீ சொன்னது பொய்னு நான் சொல்லல."

"சரின்னுதான் சொன்னேனே, அண்ணே."

முடிவு ஒன்பது பக்கம். முதல் காரணம், வண்டியின் அதிக பாரமும் தேய்ந்த பிரேக்கும். இரண்டாவது காரணத்தை நியே அவளை உட்காரவைத்துத் தானே படித்துக் காட்டினார். பராமரிப்புப் பணியாளர் ஷி யின்ஃபெங், விலகுபாதை இறுகியிருப்பதை அறிந்தும் முறைப்படி தெரிவிக்கவில்லை. மாறாக, தம் கையாலேயே அதன்மேல் கல்லைப் பரப்பிக் குறையை மறைத்தார். இவை அவரே கைரேகை வைத்து ஒப்புக்கொண்டவை. நாட்குறிப்பேட்டில் இதுகுறித்து எந்தப் பதிவும் இல்லை. எனவே அவர் பணிநீக்கம் செய்யப்படுகிறார். முகாம் தலைவருக்கு மேற்பார்வைக் குறைவுக்காக எழுத்துமூலமான எச்சரிக்கை.

படித்து முடித்துவிட்டு நியே காகிதத்தை மடித்தார். "மேல ஒரு பேரு கேட்டாங்க அக்கா. நான் உங்க பேரக் குடுக்கல. நீங்களே எழுதிக் குடுத்திருந்தீங்க."

"நான் அஞ்சு தடவை நோட்டுல எழுதினேன்."

"எந்த நோட்டுல?" என்றார் நியே. அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சோர்வாகத்தான் சொன்னார்.

ஆரஞ்சுச் சட்டையை அவள் துவைத்து மடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வசந்த விழா முடிந்த வாரம், வெய் ரோங் யின்ஃபெங்கின் வீட்டுக்கு வந்தாள். தம்பி காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியிலேயே நின்றான். இரண்டு ஊன்றுகோல்களோடு அவள் வாசல் நிலையைத் தாண்டத் தடுமாறியபோது யின்ஃபெங் ஓடிப் பிடிக்கப் போனாள். வெய் ரோங் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து, முடிவில் இரண்டாவது காரணம் இருந்த பக்கத்தை எடுத்து மேசையில் வைத்தாள். மடிப்புகளில் கிழிந்து போயிருந்தது. பல தடவை படித்த காகிதம்.

"இதுல போட்டிருக்கறது நெசமா?"

"எது?"

"உங்க கையாலதான் கல்லப் பரப்பினீங்கன்னு."

"நெசம்."

"தெரிஞ்சே."

"தெரிஞ்சேதான். ஆனா தலைவர்…"

"கல்லப் பரப்பச் சொன்னதா தலைவர் பேர் இதுல இல்லக்கா. நான் நூறு தடவை படிச்சுட்டேன். உங்க பேரு ஒண்ணுதான் இருக்கு." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "மருத்துவமனைக்கு வந்தப்ப, 'மூடியிருந்தாங்க'ன்னு சொன்னீங்க. யாரோ மூடின மாதிரி. நான் உங்க கைய எடுத்து என் கன்னத்துல வச்சுக்கிட்டேன்."

அப்படித்தான் சொன்னாள் என்பது அப்போதுதான் யின்ஃபெங்குக்கே தெரிந்தது.

"அன்னிக்கு நாங்க வந்தப்போ பலகைக்குக் கீழ நின்னது நீங்கதான். நான் உங்களப் பாத்துத்தான் கேட்டேன். போலாமான்னு கேட்டேன். நீங்க கழியத் தூக்கிக் காட்டினீங்க."

"கீழ சந்தை நாள்மா. அத்தன ஜனம்…"

"அப்ப அந்த ஜனத்துக்காகத்தான் காட்டினீங்களா? எங்களுக்காக இல்லையா?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று யின்ஃபெங் அன்றைக்கும் யோசித்தாள், பின்னாலும் யோசித்தாள். அந்த ஐந்து நொடியில் சந்தையை நினைத்தாளா, லாரியை நினைத்தாளா, ஒன்றுமே நினைக்காமல் பலகையில் எழுதியிருந்ததைக் கை தானாகச் செய்ததா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

"தெரியல," என்றாள்.

வெய் ரோங் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நீங்க வந்து சொல்லாமயே இருந்திருக்கலாம். என்மேலயே பழியப் போட்டுக்கிட்டு இருந்திருப்பேன். கொஞ்ச நாள்ல அது பழகியிருக்கும். இப்ப நீங்க கையப் பிடிச்சது ஞாபகம் வந்தாக்கூட எனக்கு உடம்பு கூசுது."

காகிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள். வாசலில் மறுபடியும் தடுமாறினாள். இந்தத் தடவை யின்ஃபெங் எழுந்திருக்கவில்லை. தம்பி வந்து பிடித்துக்கொண்டு போனான். சாயங்காலம் யின்ஃபெங் அவளுக்கு ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தாள். போகவில்லை. வெய் ரோங் அவளுடைய எண்ணைத் தடுத்து வைத்திருந்தாள்.

பனி உருகியதும் விலகுபாதையைச் சரியாகச் செய்தார்கள் என்று சியோங் சொன்னார். இறுகின மண்ணை முழுக்க எடுத்துக் கொட்டிவிட்டு, ஊற்றுக்குக் குழாய் பதித்துத் தண்ணீரைச் சாலையோரக் கால்வாய்க்குத் திருப்பிவிட்டு, ஒரு மீட்டர் ஆழத்துக்குப் புதுக் கல் போட்டார்களாம். எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டாள். நாலு நாள் என்றார்.

யின்ஃபெங்குக்கு ஷிதானில் ஒரு பழக் கிடங்கில் வேலை கிடைத்தது. மலையிலிருந்து வரும் ஆரஞ்சுப் பழங்களை அளவுவாரியாகப் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் வேலை. அங்கே யாரும் அவளைப் பழைய விஷயம் கேட்கவில்லை. கிடங்குக்கு வெளியே லாரிகள் வந்து நிற்கும். வாடையை வைத்தே எந்த வண்டி பிரேக்கை அதிகம் மிதித்து வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். முதலில் ஓட்டுநர்கள் சிரித்தார்கள். பிறகு இரண்டொருவர் இறங்கிச் சக்கரத்தைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

பத்தாம் மாதம் ஒருநாள், ஓய்வு பெற்றுவிட்ட சியோங் அவளுடைய ஃபோனுக்கு ஒரு காணொளி அனுப்பினார். கூடவே ஒரு வரி: 'பாத்தியா?'

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து பார்த்தாள். முதலில் விலகுபாதை. அதில் ஒரு சிவப்பு லாரி ஏறி, பாதி வழியில் அப்படியே நின்றிருந்தது. சுவர் இன்னும் நாற்பது மீட்டர் தள்ளி இருந்தது. சக்கரங்களைக் காணோம். அச்சு வரைக்கும் கல்லுக்குள் போயிருந்தன. பிறகு முகாம் அலுவலகம். தாடையில் ஒரு பிளாஸ்திரி ஒட்டிய இளம் ஓட்டுநர், தங்க எழுத்து தைத்த சிவப்புப் பட்டு நன்றிக்கொடியை இரண்டு கையாலும் நீட்டுகிறான். 'உயிர்ப்பாதை காத்தவர், மறுபிறவி தந்தவர்' என்று எழுதியிருக்கிறது. நியே அதை வாங்கிக்கொண்டு தலை குனிகிறார். கொஞ்சம் இளைத்திருந்தார். யாரோ ஒலிவாங்கியை நீட்டுகிறார்கள். "பராமரிப்புல ஒரு நாள் அலட்சியமா இருந்தாலும் அது ஒரு உயிர்," என்கிறார். அவர் குரல் உடைகிறது. நடிப்பு மாதிரி யின்ஃபெங்குக்குத் தோன்றவில்லை.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "யாருக்கா அந்தத் தலைவரு? அழுறாரே. நல்ல மனுஷன் போல."

"நல்ல மனுஷன்தான்," என்றாள் யின்ஃபெங்.

முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டாள். கொடி வருவதற்கு முன்பே நிறுத்தி, லாரி நிற்கும் இடத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆள் தொடை வரை கல்லில் இறங்கி நின்று மண்வெட்டியால் அள்ளிக்கொண்டிருந்தான். திரையின் கீழே, காணொளியைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. அந்த மாகாணத்தில் லாரிக்காரர்களின் மனைவிமார் எல்லோரும் ஒன்றுக்கு இரண்டாக ஃபோன் குழுக்களில் இருப்பார்கள். மலைச்சாலைச் செய்தி எதுவானாலும் காலைக்குள் எல்லோருக்கும் போய்விடும். வெய் ரோங் இதைப் பார்த்திருப்பாள். இன்னும் பார்க்கவில்லை என்றால் சாயங்காலத்துக்குள் பார்த்துவிடுவாள். சக்கரம் எவ்வளவு ஆழம் புதைந்திருக்கிறது என்று அவளும் விரலால் பெரிதாக்கித்தான் பார்ப்பாள்.

சியோங்குக்கு 'பாத்தேன்' என்று மட்டும் பதில் அனுப்பிவிட்டு, ஃபோனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, மிச்சச் சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்று பெரிய அளவுப் பழம் நிறைய வந்திருந்தது.